அலுமாரி லிப்டுக்குள் போகவில்லை

வெள்ளவத்தையில் தனிவீட்டை விட்டுத் தொடர்மாடிக்குக் குடிபோகிறவர்கள் எல்லாரும் ஒரு நாள் அளவுநாடாவும் கையுமாக லிப்டுக்குள் நின்றுதான் ஆகவேண்டும். போன மாதம் அது என் முறை. லிப்டின் உள்ளுயரம் ஆறடி பதினொரு அங்குலம். அப்பாவின் அலுமாரி ஏழடி மூன்று அங்குலம். சரித்து ஏற்றலாம் என்றார் சாமான் ஏற்ற வந்தவர். சரித்தால் அகலம் இடித்தது. படிக்கட்டால் தூக்கலாம் என்றார். இரண்டாம் மாடியில் படி திரும்புகிற மூலையைப் பார்த்ததும் அவரே அந்தப் பேச்சை விட்டுவிட்டார். “விற்றுவிடுங்கள் ஐயா, இப்போது எல்லாரும் சுவரோடு பொருத்துகிற அலுமாரிதானே வைக்கிறார்கள்” என்று நல்ல மனத்தோடுதான் சொன்னார். என் மனைவியும் அதே நல்ல மனத்தோடு என்னைப் பார்த்தாள்.

மொறட்டுவையிலிருந்து தச்சு பாஸ் ஒருவரை அழைத்தேன். எழுபதைத் தாண்டியவர். அலுமாரியின் முகப்பை அவர் பார்க்கவே இல்லை. கதவைத் திறந்து, கீழ்த்தட்டுக்கு அடியில், யார் கண்ணுக்கும் படாத இடத்தில் உளியால் நகத்தளவு ஒரு சீவல் எடுத்தார். மூக்கருகே கொண்டுபோனார். பிறகு என்னிடம் நீட்டினார். புதுத் தோல் செருப்பும் எண்ணெயும் சேர்ந்தாற்போல ஒரு மணம். அம்மாவின் சீதனமாக அந்த அலுமாரி எங்கள் வீட்டுக்கு வந்தது 1954இல். எழுபது ஆண்டுக்கு மேலாகியும் உள்ளே மணம் இருக்கிறது. “பர்மா” என்றார் பாஸ். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

பர்மாத் தேக்கு என்ற சொல்லை நினைவு தெரிந்த நாளிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். எங்கள் அப்பாவுக்குக் கொழும்பு 13இல் மரக்காலை இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: மரக்காலை என்றால் குற்றிகளை வாங்கி, அரிந்து, பலகையும் சட்டமுமாக விற்கிற இடம். முதிரை, பாலை, பலா, வேம்பு, உள்நாட்டுத் தேக்கு எல்லாம் அங்கே கிடக்கும். பர்மாத் தேக்கு கிடக்காது. பழைய வீடு உடைக்கிற இடத்திலிருந்து எப்போதாவது ஒரு கதவோ தீராந்தியோ வந்தால், அப்பா அதைத் தனியாகச் சுவரோரம் சாத்தி வைப்பார். வாடிக்கையாளரிடம் அதன் பெயரைச் சொல்லும்போது குரல் சற்றுத் தாழும், கோயிலுக்குள் கதைப்பதுபோல.

ஏன் பர்மா? கப்பல் கட்டுவதற்கென்று அந்த நாட்டுக் காடுகளை வெள்ளைக்காரர் 19ஆம் நூற்றாண்டில் விழுங்கத் தொடங்கினார்களே, 1954இல் அம்மாவுக்குச் சீதன அலுமாரி செய்ய அங்கே மரம் எப்படி மிஞ்சியது? மரத்தூளுக்குள் பிறந்து வளர்ந்த எனக்கு இந்தக் கேள்வி அறுபத்தெட்டு வயதில்தான் தோன்றியது. வெட்கம்தான். மகள் தன் கைப்பேசியில் பழைய நூல்களின் நகல்களைத் தேடித் தேடிக் கொடுக்க, இரண்டு கிழமை கண் எரிய வாசித்தேன். கடைசியில் ஒரு ஜேர்மன்காரரிடம் போய் நின்றேன். பெயர் டீட்ரிக் பிராண்டிஸ்.

1824இல் பிறந்தவர். பிறந்த ஊரைத் தமிழில் எழுதுவது சங்கடம். ‘பான்’ என்று எழுதினால் கொழும்பில் அது பேக்கரிச் சாமான். ‘பொன்’ என்று எழுதினால் செட்டியார் தெரு நகைக்கடைப் பலகை போலாகிவிடும். ஜேர்மனியின் Bonn நகரம்தான். பொன் என்றே வைத்துக்கொள்வோம். தகப்பனார் தத்துவப் பேராசிரியர். கிரேக்க நாட்டின் இளம் அரசர் ஓட்டோவுக்கு வழிகாட்டப் போனபோது மகனையும் கூட்டிப் போனார். ஆகவே பிராண்டிஸ் சிறுவனாக ஏதென்சில் கொஞ்ச காலம் இருந்தவர். பிறகு கோபன்ஹேகன், கெட்டிங்கன், பொன் ஆகிய இடங்களில் தாவரவியல் படித்தார். சொந்த ஊர்ப் பல்கலைக்கழகத்திலேயே விரிவுரையாளரானார். காட்டதிகாரி ஆகும் எண்ணமே இல்லாதவர். ஜேர்மனியில் அப்போது காட்டியல் பெரிய படிப்பு. ஆனால் இவர் அந்த வாசலால் வந்தவர் அல்லர்.

அவர் வந்த வாசல் கல்யாண வாசல். கல்கத்தாவுக்கருகே செராம்பூரில் இருந்த பாப்டிஸ்ட் பாதிரியார் யோசுவா மார்ஷ்மனின் மகள் ரேச்சல், விதவையாகியிருந்தவர், 1854இல் பிராண்டிஸை மணந்தார். ரேச்சலின் சகோதரியை மணந்திருந்தவர் ஹென்றி ஹவ்லொக் என்ற படைத் தளபதி. (எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்திலுள்ள ஹவ்லொக் வீதிக்கு இவர் சொந்தக்காரர் அல்லர். அது 1890களில் இங்கே ஆளுநராக இருந்த ஆர்தர் ஹவ்லொக்கின் பெயர். ஒரு நாள் முழுக்க இரண்டையும் ஒன்றாக நினைத்து மகிழ்ந்திருந்தேன்.) சகலையின் மூலம் பிராண்டிஸின் பெயர் ஆளுநர் நாயகம் டல்ஹவுசியின் காதுக்குப் போனது. டல்ஹவுசி 1852இல் கீழ்ப் பர்மாவின் பெகு மாநிலத்தைப் பிடித்துச் சேர்த்துக்கொண்டவர். பிடித்த காட்டில் எவ்வளவு தேக்கு இருக்கிறது என்று சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. தெற்கே மௌல்மெய்ன் பக்கத்தில் 1826இலிருந்து மர வியாபாரிகள் விருப்பம்போல் வெட்டி, கண்முன்னே காடு காலியானதை அரசாங்கம் பார்த்திருந்தது. 1856 ஜனவரியில் பெகுத் தேக்குக் காடுகளின் கண்காணிப்பாளராக பிராண்டிஸ் நியமிக்கப்பட்டார். வயது முப்பத்தொன்று. பூவையும் இலையையும் பார்த்துப் பெயர் சொல்லத் தெரிந்தவரிடம், காட்டைப் பார்த்துத் தொகை சொல் என்றார்கள்.

இங்கே அப்பாவிடம் போய்த் திரும்பி வருகிறேன்.

1976. எனக்குப் பத்தொன்பது வயது. வவுனியாவிலிருந்து வந்த முதிரைக் குற்றிகள் மரக்காலை முற்றத்தில் இறக்கிக் கிடந்தன. எண்ணிவிட்டு வா என்றார் அப்பா. எண்ணினேன்: 63. கொப்பியில் எழுதுமுன் சந்தேகம் வந்து மறுபடி எண்ணினேன்: 61. மூன்றாம் தரம் 64. அடுக்கிக் கிடக்கிற குற்றிகளை எண்ணிப் பார்த்தவர்களுக்குத்தான் இது தெரியும். கண் ஒன்றைத் தாண்டிப் போகும், அல்லது போன இடத்துக்கே திரும்பி வரும். அப்பா திட்டவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு வெண்கட்டித் துண்டை எடுத்துத் தந்தார். “எண்ணின குற்றியின் முகத்தில் கோடு போடு. கண்ணை நம்பாதே, கோட்டை நம்பு.” நான்காம் தரம் 62. லொறிக்காரரின் துண்டில் 64 இருந்தது. அன்றைக்கு இரண்டு குற்றியின் காசு மிச்சமானது. என் மானம் மிச்சமாகவில்லை.

கோடு போட்ட பிறகு அளவு. நடுவில் சுற்றளவு எடுத்து, அதை நாலால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்க வேண்டும். சுற்றளவு ஆறடி என்றால் கால் பங்கு ஒன்றரை அடி. ஒன்றரையை ஒன்றரையால் பெருக்கினால் இரண்டேகால். இருபதடி நீளமென்றால் 45 கன அடி. பள்ளிக்கூடத்தில் வட்டத்தின் பரப்பளவு படித்த எனக்கு இது பெரிய மோசடியாகப் பட்டது. முறைப்படி போட்டால் 57க்கு மேல் வரும். அப்பாவிடம் சொன்னேன். மிச்சம் பட்டையும், வைரத்துக்கு வெளியே இருக்கிற வெளிறும், மரத்தூளும் என்றார். வாளுக்கும் கூலி கொடுக்க வேண்டாமா என்று கேட்டார்.

அந்த ஆறடியை நினைவில் வைத்திருங்கள். பிராண்டிஸ் பெகுக் காட்டுத் தேக்குகளை நான்கு வகையாகப் பிரித்தார். அடியில் சுற்றளவு ஆறடியும் அதற்கு மேலும் இருந்தால் முதல் வகை. நாலரை முதல் ஆறடி வரை இரண்டாவது. ஒன்றரை முதல் நாலரை வரை மூன்றாவது. அதற்குக் கீழே இருக்கிற கன்றும் குட்டியும் நான்காவது. பிரித்தது பெரிய காரியமில்லை, எந்த மரக்காலை முதலாளியும் செய்வார். மலையும் ஓடையும் மூங்கில் புதரும் நிறைந்து, முடிவு தெரியாமல் கிடக்கிற காட்டில் அவற்றை எண்ணுவது எப்படி? எண்ணிய மரத்தில் வெண்கட்டிக் கோடு போட்டுக்கொண்டே பெகு முழுவதும் நடக்க முடியாது.

அவர் யானை மேல் ஏறினார். இடது கையில் நான்கு மூங்கில் குச்சிகள், வகைக்கு ஒன்றாக. வலது கையில் பேனாக்கத்தி. ஒரு நேர்வழியைப் பிடித்துக்கொண்டு யானையைச் செலுத்துவது. வழியின் இருபுறமும் பார்வைக்குட்பட்ட குறிப்பிட்ட அகலத்தில் நிற்கிற தேக்குகளைப் பார்ப்பது. முதல் வகை மரம் ஒன்று வந்தால் முதல் குச்சியில் ஒரு வெட்டு. மூன்றாம் வகை வந்தால் மூன்றாவதில் ஒன்று. காகிதம் இல்லை, பென்சில் இல்லை. மழை பெய்தாலும் குச்சி கரையாது. மாலையில் கூடாரத்தில் இறங்கி, கட்டைவிரலால் தடவித் தடவி வெட்டுகளை எண்ணிப் பேரேட்டில் ஏற்றினால் போதும். நடந்த தூரமும் பார்த்த அகலமும் தெரியும், ஆகவே பரப்புத் தெரியும். பரப்பும் மரத்தொகையும் தெரிந்தால் மொத்தக் காட்டுக்கும் மதிப்புப் போடலாம். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்களே, அதைத்தான் யானை மேலிருந்து செய்திருக்கிறார்.

இதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. நான்கு குச்சிகளை ஒரே கையில் பிடித்துக்கொண்டு, ஆடுகிற யானை முதுகில், சரியான குச்சியைப் பெருவிரலால் முன்னே தள்ளி, விரலை வெட்டிக்கொள்ளாமல் வெட்டுவது எப்படி? காலையில் சமையலறையிலிருந்து நான்கு ஈர்க்குக் குச்சிகளை எடுத்துக்கொண்டு சாய்மனைக் கதிரையில் இருந்து முயன்று பார்த்தேன். ஈர்க்கு தாங்கவில்லை. மூங்கில்தான் சரி.

எண்ணி முடித்த பிறகு போட்ட கணக்கு இன்னும் அழகு. இரண்டாம் வகை மரம் தடித்து முதல் வகையாக எத்தனை ஆண்டு பிடிக்கும்? 24 என்று கண்டார். அப்படியானால் முதல் வகையில் நிற்பனவற்றில் ஓராண்டில் 24இல் ஒரு பங்கை மட்டும் எடுக்கலாம். கடைசிப் பங்கை எடுத்து முடிக்கும்போது கீழ்வகுப்பில் இருந்தவை தேறி மேலே வந்து நிற்கும். வட்டியை மட்டும் எடுத்து முதலைத் தொடாத வியாபாரம். பர்மாவிலும் கொழும்புச் செட்டியார் தெருவிலும் ஒரே காலத்தில் கொடுக்கல் வாங்கல் நடத்திய நாட்டுக்கோட்டையார்களுக்கு இதை விளக்கிச் சொல்லவே தேவையிருந்திராது. ரங்கூனின் வெள்ளைக்கார மர வியாபாரிகளுக்கோ எத்தனை விளக்கினாலும் ஏறவில்லை. காட்டைத் திறந்துவிடு என்று அரசாங்கத்தை நெருக்கிக்கொண்டே இருந்தார்கள். தாவரம் படித்த மனிதனுக்கு வியாபாரத்தைப் பற்றி என்ன தெரியும் என்பது அவர்கள் பக்கம். நானும் வியாபாரி வீட்டுப் பிள்ளைதான். இருந்தாலும் இந்த வழக்கில் பிராண்டிஸின் பக்கம்தான்.

தேக்கை வெட்டுகிற முறையையும் சொல்லவேண்டும், ஏனென்றால் மரக்காலையில் பிறந்தும் இது எனக்குத் தெரியாது. பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. பர்மாவில் மரம் ஓடையாலும் ஆற்றாலும்தான் ரங்கூனுக்கு வரவேண்டும். ஆகவே நிற்கிற மரத்தின் அடியில் பட்டையையும் வெளிறையும் சுற்றிவர ஒட்டியாணம்போல் வெட்டி எடுத்துவிடுவார்கள், உள்ளே வைரம் தெரியும் வரை. மரம் நின்றபடியே உயிர்விடும். நின்றபடியே இரண்டு மூன்று ஆண்டு காயும். பிறகு வெட்டி, யானையால் இழுத்து, மழைக்கால வெள்ளத்தில் விட்டால் மிதந்து போகும். எந்த மரத்துக்கு ஒட்டியாணம் கட்டுவது என்பதை இனி அதிகாரிதான் தீர்மானிப்பார், வியாபாரியின் ஆள் அல்ல என்று பிராண்டிஸ் பிடித்த பிடிதான் சண்டைக்கு வேர்.

அடுத்தது கரேன் மக்களின் கதை. பெகு மலைகளில் அவர்கள் காட்டை வெட்டி, எரித்து, ஓரிரு போகம் நெல்லும் பருத்தியும் போட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போவார்கள். பர்மிய மொழியில் ‘தவுங்’ என்றால் மலை, ‘யா’ என்றால் மேட்டுப் புலம். தவுங்யா. வன்னிக்காரருக்கு இதை விளக்க வேண்டாம், நம்முடைய சேனைதான். சேனை என்றாலே காட்டுக்குப் பகை என்று அதிகாரிகள் அப்போது சொன்னார்கள், இப்போதும் சொல்கிறார்கள். பிராண்டிஸ் அதே எரித்த புலத்தில், நெல்லுக்கிடையே தேக்கங்கன்றையும் வரிசையாக நடச் சொன்னார். நட்டுத் தப்பிய கன்றுக்குக் காசு. கரேன்கள் புலத்தை விட்டுப் போகும்போது பின்னால் ஒரு தேக்கந்தோப்பு நிற்கும். எரிந்த மண்ணில் தேக்கு நன்றாகவே வரும். களை பிடுங்குகிற கூலியும் அரசாங்கத்துக்கு மிச்சம். இது கெட்டித்தனமா, தந்திரமா? அவர்களுடைய புலத்தை அவர்கள் கையாலேயே அரசாங்கக் காடாக மாற்றிய வித்தை என்றும் இதைச் சொல்லலாம். இரண்டும்தான் என்று நினைக்கிறேன். நூறாண்டு கழித்து இலங்கையின் உலர் வலயத்திலும் சேனைக்காரரைக் கொண்டு இதே முறையில் தேக்குத் தோட்டங்கள் போடப்பட்டன. அப்பாவின் மரக்காலைக்குப் பிற்காலத்தில் வந்த ஒல்லித் தேக்குகளைப் பார்த்து “இதெல்லாம் நேற்றுப் பிறந்த பிள்ளைகள்” என்பாரே, அவை அந்தப் பிள்ளைகளாகத்தான் இருக்கவேண்டும்.

1864இல் பிராண்டிஸ் இந்தியா முழுவதற்கும் காடுகளின் தலைமை அதிகாரியானார். அந்தப் பதவிக்கு அவர்தான் முதல் ஆள், 1883 வரை இருந்தார். ஆள் பற்றாக்குறைக்கு 1866இல் வில்லியம் ஷ்லிச், பெர்த்தோல்ட் ரிப்பென்ட்ரொப் என்ற இரண்டு ஜேர்மானியரைக் கொண்டுவந்தார். அவருக்குப் பின் அந்த நாற்காலியில் இருந்தவர்களும் இவர்களே. 1900 வரை ஆங்கிலேயரின் இந்தியக் காட்டை ஜேர்மன் உச்சரிப்போடுதான் ஆண்டார்கள். காரணம் எளிது. இங்கிலாந்தில் காட்டியல் படிக்கப் பள்ளிக்கூடமே இல்லை. சாக்சனியின் தாராண்டில் ஹைன்ரிஹ் கோட்டா 1811இலேயே பள்ளி நடத்திக்கொண்டிருந்தார். (கோட்டாவின் எண்பதாம் பிறந்தநாளுக்கு எண்பது ஓக் மரங்கள் நட்டார்கள். அடுத்த ஆண்டு அவர் இறந்தபோது அவற்றின் நடுவிலேயே அடக்கம் செய்தார்கள். காட்டதிகாரிக்கு இதைவிட நல்ல விழா மலர் கிடையாது.) இங்கிலாந்துப் பையன்களை பிராண்டிஸ் பிரான்சுக்கும் ஜேர்மனிக்கும் அனுப்பிப் படிப்பித்தார். 1878இல் டேராடூனில் பள்ளி தொடங்கினார்.

அதே 1878இல் இந்திய வனச் சட்டம் வந்தது. இந்த இடத்தில் எனக்கு அவரோடு கொஞ்சம் மனத்தாங்கல். காடு யாருடையது? முழுக்க அரசாங்கத்துடையது, ஊரார் அனுபவிப்பது சலுகையே தவிர உரிமையில்லை என்றார் பேடன்-பவல் என்ற அதிகாரி. சாரணர் இயக்கத்தைத் தொடங்கியவரின் தமையன்முறையானவர். பிராண்டிஸ் அவ்வளவு தூரம் போகவில்லை. ஊரார் உரிமையைப் பதிந்து ஏற்கவேண்டும், ஊருக்கென்று தனிக்காடு ஒதுக்கவேண்டும் என்று வாதாடினார். சட்டத்தில் ஊர்க்காடு என்று ஓர் அத்தியாயமும் வந்தது. காகிதத்தில் வந்தது. நிலத்தில் வென்றது மற்றவர். ஆனாலும் அந்தத் திணைக்களத்தைக் கட்டி எழுப்பிய கை இவருடையதுதானே. மூங்கில் குச்சியில் வெட்டுவிழாத கணக்கு ஒன்று இருந்தது. அது மரத்தடியில் நின்ற மனிதரின் கணக்கு.

இலங்கைக்கு இது எப்படி வந்தது என்றால், நமக்கு 1840ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் பிறகே தரிசும் காடும் முடிக்குரியதாக எண்ணப்பட்டது. 1882இல் இந்திய வன சேவையிலிருந்து வின்சென்ட் என்பவர் வந்து இலங்கைக் காடுகளைப் பார்த்து அறிக்கை எழுதினார். 1885இல் வனக் கட்டளைச் சட்டம், 1887இல் திணைக்களம். பிறகு 1907இன் 16ஆம் இலக்கச் சட்டம். அதுதான் திருத்தங்களோடு இன்றும் நடப்பில் இருக்கிறது.

என் அப்பப்பா வவுனியாவுக்கு அப்பால் இருந்தவர். வண்டிலுக்கு அச்சுக்கட்டை வேண்டுமென்று, தன் சேனைக்கரையில் தன் தகப்பனார் காலத்திலிருந்து நின்ற முதிரை ஒன்றைத் தறித்தார். அனுமதித்துண்டு எடுக்கவில்லை. எடுக்க வேண்டுமென்று தோன்றவுமில்லை. அபராதம் கட்டினார். காசு போனதை அவர் பெரிதாகச் சொன்னதில்லை. விசாரித்த அதிகாரி ‘களவு’ என்ற சொல்லைப் பாவித்ததை மட்டும் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். இதில் வேடிக்கை, அவருடைய மகன் கொழும்புக்கு வந்து திறந்தது மரக்காலை. ஒவ்வொரு குற்றிக்கும் அனுமதித்துண்டை அப்பா இரும்புக் கம்பியில் குத்தி வைத்திருந்த ஒழுங்குக்கு அந்தச் சொல்தான் காரணமென்று நான் நினைப்பதுண்டு.

1983 ஜூலையில் மரக்காலை எரிந்தது. முதிரைக் குற்றிகள் நாலைந்து நாள் புகைந்துகொண்டிருந்ததாக அடுத்த தெருக்காரர் பிறகு சொன்னார்கள். இரும்புக் கம்பியும் துண்டுகளும் பேரேடும் போயின. வீடு தப்பியது. எதிர்வீட்டுச் சிங்களக் குடும்பம் எங்கள் படலையில் வந்து நின்றதால் தப்பியது. அதனால் அலுமாரியும் தப்பியது. நாங்கள் ஒரு பள்ளிக்கூடத்து முகாமில் இருந்தோம். மூன்றாம் நாள் அப்பா யாரோ ஒரு பிள்ளையிடம் கொப்பி ஒற்றைகள் வாங்கி, வகுப்பறைத் தரையில் குந்தியிருந்து எழுதத் தொடங்கினார். மரத்தின் வகை, சுற்றளவு, நீளம், கன அடி. முற்றத்தில் எந்த வரிசையில் எது கிடந்தது என்பதைக் கண்ணை மூடி நினைத்து, வலது கைப் பெருவிரலை ஆள்காட்டி விரலோடு உரசிக்கொண்டே எழுதினார். வெண்கட்டி பிடிக்கிற பழக்கம். 212 குற்றிகள். இரண்டு நாள் எடுத்தது. அதை இழப்பீட்டுக்குக் கொடுத்தாரா என்று கேட்பீர்கள். கொடுத்தார். பதில் வந்ததா என்று கேட்காதீர்கள்.

பிராண்டிஸ் ஓய்வு பெற்றுப் பொன்னுக்கே திரும்பினார். ஓய்வு என்று பெயர்தான். அமெரிக்காவிலிருந்து கிபர்ட் பின்ஷோ என்ற இளைஞர் 1889இல் அவரைத் தேடிப் போனார். பிராண்டிஸ் அவரைப் படிக்கப் பிரான்சுக்கு அனுப்பினார். அந்த இளைஞர்தான் பின்னாளில் அமெரிக்க வன சேவையின் முதல் தலைவர். கிழவரோ லண்டன் கியூ தாவரக் களஞ்சியத்திலும் வீட்டிலுமாக உலர்ந்த இலைகளோடு மல்லுக்கட்டி, 1906இல் தன் எண்பத்திரண்டாவது வயதில், இந்திய மரங்களைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார். அடுத்த ஆண்டு மே மாதம் இறந்தார். நம்முடைய வனச் சட்டம் பிறந்த அதே 1907.

அந்த நூலில் ஒவ்வொரு மரத்துக்கும் ஊர்ப் பெயர்கள் உண்டு. பர்மியம், இந்தி, தெலுங்கு, தமிழ். தேக்கு என்ற பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ‘டீக்’ என்ற ஆங்கிலச் சொல்லே போர்த்துக்கேயர் நம் பக்கத்திலிருந்து எடுத்துப்போன தேக்குத்தான் என்பதால், உறவினர் வீட்டுக் கல்யாணப் படத்தில் ஒரு மூலையில் நம் முகத்தைக் கண்டதுபோல் இருந்தது. இளந்தேக்கிலையைக் கசக்கினால் கை சிவக்கும். வவுனியாவில் சின்ன வயதில் மருதாணிக்குப் பதில் அதைப் பூசிக்கொண்டு அப்பம்மாவிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன். அது நூலில் இருக்கிறதா என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பாஸ் மறுபடி சனிக்கிழமை வந்தார். அலுமாரியை விற்பதில்லை என்று முடிவாகியிருந்தது. என் மனைவியின் முடிவு, என்னுடையதல்ல. தலையிலிருந்த வேலைப்பாட்டு முகப்பைக் கழற்றினார். அது தனியாக லிப்டில் போகும். உடலில் இன்னும் ஓர் அங்குலம் குறைய வேண்டியிருந்தது. கால்களின் அடியில் அரிந்தார். நான்கு கால், நான்கு துண்டு, தீப்பெட்டி அளவு. குப்பையில் போடப்போனவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அதில் ஒன்றை மகளின் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறேன். வெட்டு முகத்தில் வளையங்கள் தெரிகின்றன. ஆண்டுக்கொன்றாக, கரையில் சிறு துளைகள் வரிசை கட்ட, பேனாவால் கீறியதுபோல். இரண்டங்குலத்துக்குள் எத்தனை என்று எண்ணினேன்: 19. மறுபடி எண்ணினேன்: 17. சட்டைப் பையைத் தடவிப் பார்த்தேன். இந்த வீட்டில் வெண்கட்டி இல்லை. மகளிடம் ஒரு குண்டூசி கேட்டிருக்கிறேன்.